முள்ளு மேல என்னத்துக்குப் பழி, மருமவனே?

வாரும் மருமவனே, உக்காரும். பழைய மாருதி எண்ணூறை வாங்கி மாலை போட்ட ஈரம் காயலை, அதுக்குள்ள பங்க்காரன் சட்டையைப் புடிச்சிட்டீராம்லா? ஐந்நூறு ரூவாய்க்குப் பெட்ரோல் போட்டேன், முள்ளு ‘இ’யை விட்டு அசையலை, அளவுல கை வச்சிட்டான்னு கத்துனீராம். நல்லது. நம்ம குடும்பத்துல கல்யாண வீட்டுலதான் சண்டை போட்டிருக்கோம், பங்க்ல போட்டதில்ல. அந்தக் குறையும் தீந்துது.

மெக்கானிக் ஒருத்தன் ‘மீட்டர் போச்சு, முழு செட்டா மாத்தணும்’னானாம், நீரும் சரின்னு தலையை ஆட்டுனீராம். உம்ம தலையைக் கண்டா எவனுக்கும் மாத்தத்தான் தோணும், அவனைக் குத்தம் சொல்லிப் பிரயோசனம் இல்ல.

முள்ளு என்னய்யா செய்யும்? அது டேங்குக்குள்ள எட்டிப் பாத்தா சொல்லுது? மொட்டைமாடித் தொட்டியில தண்ணிக்கு ஒரு பந்து மெதக்கும்லா, அதே மாதிரி டேங்குக்குள்ளயும் ஒரு மெதவை கெடக்கு. அதுக்கு ஒரு கம்பிக்கை. கை ஏறி எறங்கும்போது அதோட அடி நுனி ஒரு பட்டையை உரசிக்கிட்டே போவும். அதுக்குத் தக்கன கரண்டுக்குத் தடை கூடும், கொறையும். அந்தக் கணக்கு ஒத்தை ஒயர் வழியா முன்னால வருது. வந்த சேதியை முள்ளு காட்டும். சேதியே வரலைன்னா அது என்னத்தைக் காட்ட?

சோதிக்க ஒரு பைசா செலவில்ல. சாவியைத் திருப்பும், இன்ஜினைக் கெளப்பாண்டாம். இந்த மெதவை, கை, பட்டை எல்லாம் சேந்த டேங்க் யூனிட்டுக்குப் போற ஒயரை உருவி, டேங்கை விட்டுத் தள்ளிக் கொண்டுவந்து, பெயிண்ட் இல்லாத சுத்தமான பாடி இரும்புல தொட வையும். முள்ளு சோம்பேறி, மெதுவாத்தான் ஏறும். ‘எஃப்’ பக்கம் போனதும் கையை எடுத்துரும், வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னா மீட்டர் நெசமாவே கருகிப்போவும். பொறவு மெக்கானிக் சொன்னது பலிச்சிரும். முள்ளு ஏறிச்சுன்னா மீட்டரும் ஒயரும் சுத்தம், கோளாறு டேங்க் பக்கம். ஏறலைன்னா ஒயர், பியூஸ், மீட்டர்னு முன்பக்கமா தேடும். சூடு காட்டுத முள்ளும் சேந்து கூத்தடிச்சா ரெண்டுக்கும் பொதுவா கரண்டு வார வழியில சந்தேகப்படும்.

இதை எல்லா வண்டியிலயும் செஞ்சு பாத்துராதேரும். கம்ப்யூட்டர் வழியா முள்ளை ஆட்டுத புது வண்டியில ஒயரைத் தொடவே கூடாது. போன்ல அமெரிக்காக்காரன் வீடியோவைப் பாத்துட்டும் குழம்பாதேரும். அங்க ஜெனரல் மோட்டார்ஸ் பழைய வண்டி பலதுக்கும் டேங்க் காலின்னா 0 ஓம், நெறஞ்சா 90. நம்ம மாருதிக்குக் கணக்கு தலைகீழ்.

டேங்க் பக்கம்னு தெரிஞ்சதும் யூனிட் வாங்க ஓடாதேரும். எர்த்தைப் பாரும். டேங்க்ல இருந்து பாடிக்கு வார எர்த் துருவேறிக் கெடந்தா, உள்ள எல்லாம் யோக்கியமா இருந்தாலும் முள்ளு படுத்துக்கிடும். துருவைத் தேச்சு, இறுக்கி மாட்டும். பாதி ஊரு இந்தத் துருவுக்குத்தான் புது யூனிட் வாங்கிக்கிட்டு இருக்கு.

எர்த்தும் சரின்னா யூனிட்டை வெளிய எடுக்கணும். பின் சீட்டைத் தூக்குனா மூடி தெரியுத வண்டியும் உண்டு, டேங்கையே எறக்குன்னு அடம் புடிக்குத வண்டியும் உண்டு. உம்ம அதிர்ஷ்டம் எதுன்னு பாரும். எடுத்ததும் மெதவையைக் காதுகிட்ட வச்சுக் குலுக்கும். உள்ள சலசலன்னா ஓட்டை, பெட்ரோலைக் குடிச்சுட்டு முங்கிக் கெடக்கு. சத்தம் இல்லைன்னா மல்டிமீட்டரை ஓம்ல வச்சு, கையை அடியில இருந்து மெள்ள மேல தூக்கும். எண்ணு வழுக்கிக்கிட்டுப் போகணும். நடுவுல துள்ளுனா, இல்ல காணாமப் போனா, அந்த எடத்துல பட்டை தேஞ்சிட்டு. வெறும் அழுக்குன்னா தொடைச்சா சரியாவும், தேஞ்சதுன்னா மாத்தத்தான் வேணும். முள்ளு பாதியில இருந்து திடீர்னு குதிக்குத வண்டியில பெரும்பாலும் இந்த வியாதிதான். திரும்ப மாட்டும்போது வாசரைப் புதுசாப் போடும். பழசை வச்சு மிச்சம் புடிச்சா வண்டி முழுக்க பெட்ரோல் வாடை வரும், எந்தங்கச்சி ஏற மாட்டா.

இதைச் சரி பண்ணுத வரைக்கும் வழியில நிக்காம இருக்க வழி இருக்கு. டேங்க் 28 லிட்டர் புடிக்கும். நெறைய அடிச்சிட்டு, ஓடுன கிலோமீட்டரை ஒரு சீட்டுல எழுதி வையும். லிட்டருக்கு என்ன குடுக்குன்னு உமக்குத் தெரியும்லா, கழிச்சுக்கிடும். கழித்தல் வராதுன்னா ஸ்கூலுக்குப் போற மவளைக் கேளும்.

யூனிட்டைக் கழட்டி வேலை பாக்குதப்ப டேங்க்ல பெட்ரோல் கம்மியா இருக்கட்டும், பேட்டரி ஒயரைக் கழட்டும். ரூமுக்குள்ள வேண்டாம், திறந்த வெளியில செய்யும். பெட்ரோல் ஆவி காத்தை விடக் கனம், தரையோட படுத்துக் கெடந்து நெருப்புக்குக் காத்திருக்கும். யூனிட்டை இறுக்கிப் புடிக்குத பூட்டு வளையம் இருந்தா அதை இரும்புச் சுத்தியலால தட்டாதேரும், கட்டையை வச்சுத் தட்டும். அந்தச் சிகரெட் பாக்கெட்டு, லைட்டரு ரெண்டையும் இங்ஙனயே வச்சிட்டுப் போரும். வேலை முடியுத வரைக்கும் நான் பத்திரமாப் பாத்துக்கிடுதேன். திரும்ப வாங்கும்போது எண்ணிக்கை மட்டும் கேக்கப்படாது.