ஓலை முடையும் முன்னே கூரையைப் பிரிக்காத

வாலே மருமவனே, திண்ணையில உக்காரு. வீட்டு இன்சூரன்ஸ மாத்தப் போறியாம்லா? ராத்திரி பூரா போனத் தேச்சு, நாலு கம்பெனி விலையப் பாத்து, வருசத்துக்கு எண்ணூறு ரூவா மிச்சம் புடிச்சிட்டியாம். கெட்டிக்காரன்தான். அந்தச் சூட்டோட பழைய பாலிசிய இன்னைக்கே தலமுழுகப் போறியாம். புதுசு என்னைக்குத் தொடங்குது? ‘வந்துரும் மாமா’ங்குத. எப்பம்லே வரும்?

கூரை மாத்துதவன் என்ன செய்வான்? புது ஓலைய முடைஞ்சு முத்தத்துல அடுக்கிட்டுத்தான் பழசுல கைய வைப்பான். நீ மொதல்ல பிரிச்சுப் போட்டுட்டு ஓலைக்கு ஆளு தேடுத. 2023 டிசம்பர் மழை மறந்துபோச்சா? காயல்பட்டணத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். தாமிரபரணி வாசல் வரைக்கும் வந்துட்டு, ‘மருமவன் பாலிசி மாத்திட்டிருக்கான், ரெண்டு நாள் கழிச்சு வாரேன்’னு திரும்பியா போச்சு?

புதுத் தாளு கைக்கு வரட்டும். தொடங்குத தேதியப் பாரு. பேங்க் கடன் இருக்குல்லா, அவுகளுக்கு ஒரு நகல் குடு. பொறவு பழசுக்கு எழுது. காரணம் ஒண்ணும் சொல்ல வேண்டாம். கிளெய்ம் வாங்காம இருந்தா, மிச்ச நாளுக்குக் கணக்குப் போட்டுக் காசும் தருவாவ. இதுக்கு எதுக்குலே ரெண்டு பக்கக் கடுதாசி, ‘தங்கள் சேவையில் மனம் நொந்து’ன்னு? சம்பந்தத்தையா முறிக்கப் போற?

டீக்கடையில வேற, ஒரு கோடிக்கு எழுதப் போறேன்னு சொன்னியாம். மனை விலையும் சேத்தா? ஏலே, மண்ணு வெந்து சாம்பலாவுமா? வீட்டத் திரும்பக் கட்ட என்ன ஆவுமோ அதுக்குத்தான் கணக்கு. சதுர அடிக்குக் கொத்தனார் என்ன கேக்காரோ, அதப் பெருக்கிக்கோ. இந்தக் கணக்குல ‘பாரத் கிரஹ ரக்ஷா’ன்னு 2021 ஏப்ரல்லேந்து எல்லாக் கம்பெனிக்கும் ஒரே மாதிரிப் பாலிசி வந்தாச்சு. தீ, வெள்ளம், இடி எல்லாம் அதுல உண்டு. கட்டடத்துக்கு எழுதுனதுல அஞ்சுல ஒரு பங்கு, 10 லட்சம் வரைக்கும், உள்ள கெடக்க சாமானுக்குத் தானா சேந்துரும். இதயெல்லாம் உன் போனு காட்டலியாக்கும்? எண்ணூறு ரூவாய மட்டும் கொட்டை எழுத்துல காட்டிச்சோ?

சரி, அத்தை காப்பி போடுதா. குடிச்சிட்டுப் போ. போன அந்த ஓரத்துல வையி. உடைஞ்சா என்ன, அதுக்குத்தான் ஒரு நாள் விடாம இன்சூரன்ஸ் கட்டுதியே.