ஊத்துக்கோட்டை வட்டாரத்தில் தண்ணி பார்த்தல்: ஒரு முன்னோட்ட ஆய்வு

1.0 ஆய்வுப் பொருள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வாசிகள் மழைக்காலத்தில் திடீரென்று ஒரு நாள் "தண்ணி பாத்துட்டு வந்துடறேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புவது யாவரும் அறிந்ததே. யாவரும் அறிந்ததை எவருக்கும் புரியாதபடி எழுதுவதுதான் ஆய்வு என்பதால் இப்பொருள் எடுத்துக்கொள்ளப்பட்டது. தண்ணி என்பதற்கு மேற்படி ஊர்களில் வழங்கும் இன்னொரு பொருள் இக்கட்டுரையின் எல்லைக்குள் வராது. அதைப் பார்க்கப் போனவர் யாரும் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டதாகச் சான்றில்லை.

1.1 ஆய்வுக் களம்

ஊத்துக்கோட்டை திருவள்ளூர் மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில், ஆந்திர எல்லையில் இருக்கிறது. மேற்கே நாகலாபுரத்து மலைகள். ஆந்திரத்து மலைகளில் பிறக்கும் ஆரணியாறு பிச்சாட்டூர் நீர்த்தேக்கத்தில் தங்கி, சுருட்டப்பள்ளியைத் தொட்டுக்கொண்டு இங்கே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. பிறகு பெரியபாளையம், பொன்னேரி, பழவேற்காடு, கடல். ஆண்டின் பெரும்பகுதி ஆற்றில் மணல்தான். ஐப்பசி, கார்த்திகையில் பிச்சாட்டூரில் மதகைத் தூக்கினால் தண்ணீர். களமாக இவ்வூரைத் தேர்ந்ததற்கு இந்தப் பஞ்சமே காரணம். தினமும் ஓடும் ஆற்றை எவன் போய்ப் பார்ப்பான்?

பக்கத்திலேயே பருத்திப்பட்டு ஏரி இருக்க இவ்வளவு தூரம் ஏன் என்று புறத்தேர்வாளர் கேட்கக்கூடும். பருத்திப்பட்டில் நடைபாதை போட்டுவிட்டார்கள். மக்கள் அதில் நடக்கிறார்கள், சர்க்கரை குறைகிறது. பயன் கருதிச் செய்யும் எதுவும் தண்ணி பார்த்தல் ஆகாது. கூவமும் பூந்தமல்லிப் பக்கம்தான் போகிறது. ஆனால் மூக்கைப் பொத்த ஒரு கை, குறிப்பேட்டுக்கு ஒரு கை, பேனாவுக்கு ஒரு கை என்று அங்கே மூன்று கைகள் தேவைப்படுகின்றன. அத்தகைய ஆய்வு மாணவர்கள் இன்னும் பதிவு செய்துகொள்ளவில்லை.

களம் எந்தத் திணை என்பதில் மூன்று சாரார் உள்ளனர். மலையடிவாரம் ஆதலால் குறிஞ்சி என்பர் முதல் சாரார். வயல் இருப்பதால் மருதம் என்பர் இரண்டாம் சாரார். பங்குனி வெயிலில் ஆற்று மணலைச் செருப்பில்லாமல் கடந்தவர்கள் பாலை என்கிறார்கள். மூன்றாம் சாராரிடம் கொப்புளம் என்னும் அகச்சான்று உள்ளது.

2.0 முன்னாய்வுகள்

தண்ணி பார்த்தல் பற்றித் தமிழில் எழுந்த பழைய ஆவணங்களில் தலையாயது பரிபாடல். வையையில் புதுப்புனல் வந்ததும் மதுரைக்காரர்கள் யானையிலும் குதிரையிலும் ஏறி அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடியதை அது சொல்கிறது. டிவிஎஸ் எக்ஸ்எல் அப்போது வந்திருக்கவில்லை. பொன்னால் நண்டும் மீனும் செய்து ஆற்றில் விட்டார்களாம். ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில், கிருஷ்ணா நீர்க் கால்வாய் தமிழ்நாட்டுக்குள் நுழையும் ஜீரோ பாயிண்டுக்கு 1996இல் அந்த நீர் முதன்முதலாக வந்தது. அங்கே தண்ணீர் வந்தால் இன்று பெரிய மனிதர்கள் நின்று பூத்தூவுகிறார்கள். பொன் நண்டு சாமந்தியாகக் குறைந்ததன் பொருளியல் பின்னணி தனி ஆய்வுக்குரியது.

பரிபாடலின் 11ஆம் பாட்டு, வையையில் வெள்ளம் வந்ததைச் சொல்லுமுன் எந்தக் கோள் எந்த ராசியில் நின்றது என்று சொல்கிறது. எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை அதை வைத்துக் கணக்குப் போட்டு கி.பி. 634 என்றார். மற்றவர்கள் வேறு கணக்குப் போட்டு வேறு நூற்றாண்டுகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். புலவர் கரையில் நின்றுகொண்டு "தண்ணி வந்துடுச்சு, பாருங்கய்யா" என்று கத்துகிறார். ஆய்வுலகம் அண்ணாந்து வானத்தைப் பார்க்கிறது.

2.1.1.1 பதினெட்டுக் கோட்பாடு

பரிபாடல் மொத்தம் 70 பாட்டு என்பது பழங்கணக்கு. அதில் வையைக்கு 26. உ.வே. சாமிநாதையர் 1918இல் பதிப்பித்தபோது முழுதாகக் கிடைத்தவை 22. அவற்றுள் வையைக்கு உரியவை 8. இருபத்தாறில் எட்டுப் போனால் பதினெட்டு. இந்தக் கழித்தலை இதற்கு முன்பும் பலர் செய்திருக்கிறார்கள். ஆனால் விடையைக் கண்டு ஒருவரும் திடுக்கிட்டதாகத் தெரியவில்லை. இவ்வாய்வாளர் திடுக்கிட்டார்.

தண்ணீர் பெருகுவதைப் பார்க்கத் தமிழன் கட்டுச்சோற்றுடன் ஆற்றுக்குப் போகும் நாள் ஆடிப் பதினெட்டு. தண்ணீர் பார்த்ததைப் பாடிய பாட்டில் தொலைந்ததும் பதினெட்டு. போதாக்குறைக்கு, பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடும் பழக்கம் இருந்ததை ஏடு தேடி அலைந்தவர்கள் வயிறெரிந்து சொல்லியிருக்கிறார்கள். எனவே வையைப் பாட்டுகள் பதினெட்டும், ஆண்டுக்கு ஒன்று வீதம் பதினெட்டு ஆடிப்பெருக்குகளில், தாமே தண்ணி பார்க்கப் போய்விட்டன என்பது தெளிவு. (தமிழாய்வில் "என்பது தெளிவு" வருமிடத்தில் சான்று கேட்பது மரபன்று.)

எதிர்வாதம் வராமலில்லை. முருகனுக்கு 31 பாட்டில் 8தானே மிஞ்சியது, மீதி 23 எங்கே போயிற்று என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒருவர் கேட்டார் (பெஞ்சு, வட ஓரம்). "மலைக்குப் போயிருக்கும்" என்று பக்கத்திலிருந்தவர் விடை பகர்ந்தார் (மேலது, தென் ஓரம்). அப்படியானால் திருமாலுக்கு எட்டில் ஆறு எப்படித் தப்பியது? "அவர் பாற்கடல்லயே படுத்திருக்காருபா. தண்ணி பாக்கத் தனியா எதுக்குப் போவணும்?" என்றார் மாஸ்டர் (அடுப்படி வாய்மொழி, பால் பொங்கியதால் அடுத்த இரண்டு சொற்கள் சிதைவு, அவற்றுள் ஒன்று வசவு என ஊகிக்கலாம்). கேள்வி கேட்டவருக்கு அதற்குள் பஸ் வந்துவிட்டது. கோட்பாடு நிலைபெற்றது.

பதினெண் மேற்கணக்கு, பதினெண் கீழ்க்கணக்கு, பதினெண் சித்தர், சபரிமலைப் படி எனப் பதினெட்டு தென்படும் இடங்களை எல்லாம் தொகுத்து ஒரு பின்னிணைப்பு தயாராகி வருகிறது (பஸ் டிக்கெட்டுகளின் பின்புறம், ரப்பர் பாண்டு போட்டது, சட்டைப்பை, சட்டை துவைக்கப் போயிருப்பதால் தற்போது பார்வைக்கு இல்லை). கோட்பாட்டை ஒரு கருத்தரங்கத் தொகுதிக்கு அனுப்பினோம். ஒரே நாளில் ஏற்கப்பட்டது. படித்தார்களா என்று கேட்டதற்கு, பணம் வந்துவிட்டது என்று பதில் வந்தது.

3.0 பார்ப்போர் வகைப்பாடு

ஆவடியில் 1955இல் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணி சமுதாயம் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானம் நிறைவேறிய இடம் ஒன்று உண்டென்றால் அது வெள்ளம் வந்த நாளின் ஆரணியாற்றுப் பாலம்தான். லாரி முதலாளி, தலையாரி, டியூஷனுக்கு மட்டம் போட்ட பையன், இடுப்பில் குழந்தையோடு வந்த பெண், யாருக்கும் தனி இடம் கிடையாது. ஆயினும் வகைப்படுத்தாவிட்டால் பட்டம் தரமாட்டார்கள்.

3.1 கைப்பிடியில் சாய்வோர். சாய்வார்கள்.

3.2 செல்பேசியர். பெரும்பாலும் சென்னைப் பக்கமிருந்து வருபவர்கள். தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பார்க்காதவர்களைப் பார்ப்போரில் சேர்க்க இயலாமையால் விலக்கப்பட்டனர்.

3.3 கொசுவலையில் மீன் பிடிப்போர். இவர்கள் பயனாளிகள், மீன்வளத்துறை பார்த்துக்கொள்ளும்.

3.4 ஆண்டுக்காரர். இத்துறையின் மூலவர் இவரே. வெள்ளம் எவ்வளவு வந்தாலும் இவர் சொல்வது ஒன்றுதான்: "இதெல்லாம் ஒரு தண்ணியா?" உடனே பக்கத்தில் நிற்கும் பையன், "அப்ப எவ்ளோ வந்துச்சு தாத்தா?" என்று கேட்க வேண்டும் என்பது விதி. யாரும் கேட்காவிட்டால் கேட்கும்வரை தொண்டையைச் செருமுவார். பிறகு ஓர் ஆண்டைச் சொல்லி, கையைப் பக்கவாட்டில் நீட்டி உயரம் காட்டுவார்.

அந்தக் கையின் உயரமே இவ்வாய்வின் அளவுகோல். ஐம்பதைத் தொட்டவரின் வெள்ளம் முழங்கால் அளவு. அறுபதில் அதே வெள்ளம் இடுப்புக்கு ஏறுகிறது. எழுபதைத் தாண்டியவர் கையை நீட்டுவதையே விட்டுவிட்டு எதிரிலுள்ள வேப்பமரத்தின் இரண்டாவது கிளையைக் காட்டுகிறார். அந்த வெள்ளம் பாலத்தையும் அடித்துக்கொண்டு போகிறது, பாலம் அதற்குப் பிறகுதான் கட்டப்பட்டது என்றாலும். வடிந்துபோன தண்ணீர் ஆண்டுக்கு ஆண்டு உயர்கிறது என்னும் இவ்விதியைப் பொதுப்பணித்துறை கருத்தில் கொள்வதில்லை. ஆண்டுக்காரர் இருவர் ஒரே பாலத்தில் சந்தித்தால் நிலைமை சிக்கலாகும். ஒருவர் வெள்ளத்தில் ஆடு போகும், மற்றவர் வெள்ளத்தில் மாடு போகும், முதலாமவர் உடனே வைக்கோல் போரையும் அதன்மேல் உட்கார்ந்திருந்த கோழியையும் அனுப்புவார் (பஜ்ஜி மடித்த தாள், எண்ணெய் ஊறாத மேற்பகுதி, ஆய்வாளரின் கையெழுத்து, தாளின் மறுபக்கத்தில் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு விடைகள் காணப்படுகின்றன, மூன்றாவது விடை தப்பு, கோழி பற்றிய பாடவேறுபாட்டுக்கு அடுத்த பஜ்ஜியின் தாளைக் காண்க, அது மிளகாய் பஜ்ஜி).

ஒரு துறை சார்ந்த இழப்பையும் பதிவு செய்ய வேண்டும். முன்பு இங்கே இருந்தது தரைப்பாலம். தண்ணீர் வந்தால் மூழ்கும், இக்கரைக்காரர் இக்கரையில், அக்கரைக்காரர் அக்கரையில், நாள் முழுக்க ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சம்பந்தம் பேசி முடிக்கும் அளவுக்கு நேரம் இருந்தது. இப்போது உயர்மட்டப் பாலம் வந்துவிட்டது. போக்குவரத்துக்கு நல்லது, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு ரொம்ப நல்லது. ஆய்வுக்குத்தான் நட்டம்.

4.0 சுருட்டப்பள்ளிச் சான்று

ஊத்துக்கோட்டையை ஒட்டி, ஆற்றங்கரையில் சுருட்டப்பள்ளி. மற்ற ஊர்களில் லிங்கமாக இருக்கும் சிவன் இங்கே பள்ளிகொண்டீஸ்வரர். பார்வதி மடியில் தலை வைத்து மல்லாந்து படுத்திருக்கிறார். பிரதோஷத்தன்று கூட்டம் தாங்காது. பாற்கடலில் எழுந்த நஞ்சைக் குடித்த மயக்கத்தில் படுத்தார் என்பது தலபுராணம்.

புராணத்தை மறுக்கவில்லை. அதன் உட்கிடையை மட்டும் எடுத்துரைக்கிறோம். தேவர்களும் அசுரர்களும் அவ்வளவு பெரிய தண்ணீரின் கரையில் நின்றார்கள். பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன? ஏதாவது கிடைக்காதா என்று மலையைத் தூக்கிப் போட்டுக் கடைந்தார்கள். கடைந்ததில் ஆலகாலம் வந்தது. குடிக்க ஆள் வேண்டியிருந்தது. குடித்தவர் கடைசியில் ஓர் ஆற்றங்கரையைத் தேடி வந்து, ஒரு வேலையும் செய்யாமல் படுத்த பிறகுதான் அவருக்குச் சற்றே தெளிந்தது. பல்கலைக்கழகங்களில் இன்றும் கடைதல் நடக்கிறது, அதே திரவம் ஆய்வேடுகளாகக் கட்டுக்கட்டாக வெளிவருகிறது. குடிக்கத்தான் யாரும் முன்வருவதில்லை. புறத்தேர்வாளர்கள்கூட முகர்ந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

5.0 நீரில்லாக் காலம்

ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதங்களில் ஊர் சாயங்காலம் மணலில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மலைப் பக்கமிருந்து காற்று வரும். வேர்க்கடலை, கொஞ்சம் தெலுங்கு, கொஞ்சம் தமிழ், ஊர் வம்பு. ஆடியில் கீழே பெரியபாளையத்து பவானியம்மனுக்கு வேப்பிலை உடுத்திக்கொள்ளப் போகும் கூட்டம் பறையும் பம்பையுமாக இவ்வழி போகும். இது குறித்து ஆராய ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறது.

6.0 நிதி

இவ்வாய்வைத் தொடர நல்கை கேட்டு விண்ணப்பித்தோம். கேட்டது குடை ஒன்று, டீ, பஜ்ஜி, பிச்சாட்டூர் மதகு திறக்கும் நாளில் விடுப்பு. பார்த்த தண்ணீருக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் இணைக்கும்படி குழு எழுதியது. மூன்று மாநிலங்கள் தலைக்கு 5 டி.எம்.சி. கொடுக்க, வழியில் ஆவியாகிறது, கசிகிறது என்று 3 டி.எம்.சி.யைக் கழித்துவிட்டு 12 டி.எம்.சி. எல்லைக்கு வந்தால் போதும் என்று கிருஷ்ணா நீருக்கு ஒப்பந்தம் உண்டு. அதை நினைவூட்டி, எங்கள் பஜ்ஜிக் கணக்கிலும் அதே விகிதத்தில் கசிவு அனுமதிக்க வேண்டினோம். பதில் இல்லை. படிவத்தில் மீதியிருந்த கட்டங்களை நிரப்பி மறுபடி அனுப்பியிருக்கிறோம். திட்டத்தின் நோக்கம்: தண்ணி பார்த்தல். முறையியல்: நின்றுகொண்டு. திட்டத்தின் விளைவு தற்போது எங்கே உள்ளது: பழவேற்காட்டைத் தாண்டிவிட்டது.