கண்டிப்பு, காலை பத்து மணி வரை

27 வயதுப் பையனைச் சொந்தக் காலில் நிற்க வைப்பது என்று ஒரு வீட்டில் முடிவெடுத்தால், முதலில் தள்ளாடுவது பெற்றோரின் கால்கள்தான். "இனிமே உன் ரீசார்ஜை நீயே போட்டுக்கோ" என்று ராத்திரி அப்பா அறிவிப்பார். விடிவதற்குள் அம்மாவின் ஜிபேயிலிருந்து 84 நாள் பேக் போயிருக்கும். "இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டா பிள்ளை எப்படி எடுப்பான்?" நியாயம்தான், விண்ணப்பம் போட்டிருந்தால் கூப்பிடுவார்கள்தானே.

பையன் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. குரூப் தேர்வில் இரண்டு முறை தோற்று, அறைக்கதவைச் சாத்திக்கொண்டவன். அந்தக் கதவுக்கு வெளியே மணிக்கொரு தரம் டிபன் வைத்தால் அவன் ஏன் திறக்கப் போகிறான்?

சட்டம் நம்மைவிடக் கல்நெஞ்சு. 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டப்படி மகனுக்குச் சோறு போடும் கடமை 18 வயதோடு சரி. பெற்றோர் சுயமாய்ச் சம்பாதித்த வீட்டில் வளர்ந்த மகன் தங்குவது அவர்கள் தயவில்தான், உரிமையில் அல்ல என்று 2016-ல் டெல்லி உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டிய அப்பாவுக்கு அன்று தோசை ஆறித்தான் வந்தது.

பல சுற்றுப் பேச்சுவார்த்தைக்குப் பின் மிஞ்சிய ஒரே விதி: சாப்பிட்ட தட்டை அவனே கழுவ வேண்டும். முதல் நாள் சாம்பார்ப் பிசுக்கோடு கவிழ்த்து வைத்தான். அம்மாவுக்குக் கை பரபரத்தது. அப்பா சட்டென்று அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார். கல்யாணத்தன்று பிடித்ததற்கப்புறம் இப்போதுதான்.