பளிச்சுனு இருக்கா?

நேற்று முதல் எங்கள் வீட்டுக் கூடத்தில் ராத்திரி கிடையாது. மச்சான் பாசத்தோடு ஒரு 20 வாட்ஸ் எல்இடி பல்பை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். கிட்டத்தட்ட 2000 லூமன் வெளிச்சம். பழைய 100 வாட்ஸ் குண்டு பல்பே 1400-ஐ ஒட்டித்தான் தரும். ஃபேன் இறக்கைத் தூசி, பரண் ஓரத்து ஒட்டடை, என் உச்சந்தலை எல்லாம் துல்லியம். "இப்பத்தான் வீடு வீடா இருக்கு" என்கிறாள் மனைவி.

பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு எத்தனை லூமன் போதும் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன், பல்பு விற்கும் கடையின் மேஜையைப் பற்றி ஒரு வார்த்தை.

மரப்பலகையில் ஒரு ஹோல்டர், பக்கத்தில் ஒரு சுவிட்ச். பட்டப்பகலில், நம் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில், கடைக்காரர் 9 வாட்ஸைப் போடுகிறார். "பளிச்சுனு இருக்கா?" இருக்கிறது. கழற்றி 12-ஐப் போடுகிறார். இது இன்னும் பளிச். 15 வருகிறது. இதற்குள் நம் கண்ணில் ஊதாப் புள்ளிகள் மிதக்கின்றன. எது எரிகிறது, எது அணைந்திருக்கிறது என்றே தெரியவில்லை. இன்சுலேஷன் டேப் வாங்க வந்தவர் வேறு, "வீடுன்னா வெளிச்சம் வேணும் சார்" என்று அபிப்பிராயம் சொல்கிறார். 20 எரிகிறது. "அதையே குடுங்க" என்கிறோம், கடைக்காரர் இருக்கும் திசையை உத்தேசமாகப் பார்த்து. அவர் மார்க்கரால் பல்பின் கழுத்தில் தேதி எழுதுகிறார், வாரன்டிக்கு. அது சரியான தேதியா என்று பார்க்கும் நிலையில் நாம் இல்லை. "கொஞ்சம் கம்மியா காட்டுங்க" என்று அந்த மேஜை முன்னால் நின்று கேட்ட ஒரு மனிதரை நான் இதுவரை பார்த்ததில்லை.

லூமன் கணக்கு அட்டைப்பெட்டியிலேயே பொடி எழுத்தில் இருக்கிறது. காட்டினால், "அதெல்லாம் கம்பெனிக்காரன் போடுறது சார், நீங்க வாட்ஸ் சொல்லுங்க." வாட்ஸ் என்பது கரன்ட்டு பில்லுக்கான கணக்கு, வெளிச்சத்துக்கு அல்ல. அதிலும் நமக்கு என்ன யோக்கியதை? சுமார் 15 வாட்ஸ் இழுத்த பல்புக்கு ஜீரோ வாட்ஸ் என்று பெயர் வைத்து, விடிய விடிய எரியவிட்டுத் தூங்கிய ஜனங்கள் நாம்.

9 வாட்ஸ் எல்இடி பழைய 60 வாட்ஸ் குண்டு பல்புக்குச் சமம். அந்த 60-க்குக் கீழே உட்கார்ந்துதான் எங்கள் தெருவே பத்தாவது பாஸ் பண்ணியது. பொறுக்காமல் இன்று காலை நானே கடைக்குப் போய், "ஒன்பது வாட்ஸ், 2700 கெல்வின், மஞ்சள் வெளிச்சம்" என்றேன்.

வெள்ளையில் 6500 மட்டும் மேஜை முழுக்க அடுக்கியிருந்தது. கடைக்காரர் ஏணி போட்டு மேல் தட்டில் துழாவினார்.

"மஞ்சளா? ஓட்டலுக்கா சார்?"

விளக்கம் சொல்லத் தெம்பில்லை. "ஆமாம்" என்றேன்.

"எந்த ஏரியால சார்? வயரிங் யாருக்குக் குடுத்திருக்கீங்க?"