முஸ்தபாவும் மின்தடையும்: வீட்டு வீடியோ கேம் பெட்டிக்கு இயங்குதளம் தேர்தல் குறித்து ஓர் அம்பத்தூர் ஆய்வு

ஆய்வெல்லையை முதலில் சொல்லிவிடுவது மரபு. 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்து ஏழாம் மண்டலமாகிவிட்ட அம்பத்தூர் மட்டுமே இவ்வாய்வின் களம். ஆவடி, பூந்தமல்லி அறிஞர்கள் தத்தம் டிரான்ஸ்ஃபார்மர்களைத் தாங்களே ஆய்ந்துகொள்வார்களாக.

ஆய்வுப்பொருள், பழைய வீடியோ கேம் கடைகளில் நின்றபடி ஆடிய ஆளுயரப் பெட்டியை வீட்டிலேயே செய்துகொள்வது. ப்ளைவுட் அறுத்து, மைக்கா ஒட்டி, பட்டன்களுக்குத் துளை போடுவதில் ஆராய்ச்சிக்கு இடமே இல்லை. 1949-இல் தொடங்கிய சைக்கிள் கம்பெனியும் 1960-களில் எழுந்த தொழிற்பேட்டையும் உள்ள ஊரில், துளை போடத் தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. சிக்கல் பெட்டிக்குள்ளே கணினியை வைத்த பிறகுதான் ஆரம்பிக்கிறது: அதில் எந்த இயங்குதளத்தை ஏற்றுவது?

மூலப்பெட்டிகளுக்கு இந்தக் கவலை கிடையாது. 1980-இன் பேக்-மேன் பலகையில் இயங்குதளம் என்று ஒன்று இல்லை. சுவிட்சைப் போட்டால் நிரல் நேராக ரோம் சிப்பிலிருந்து ஓடும். சுவிட்சை அணைத்தால் நிற்கும். விடைபெறும் சடங்கெல்லாம் கிடையாது. 1997 பிப்ரவரி 5 அன்று இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா ‘மேம்’ என்ற மென்பொருளின் முதல் பதிப்பை வெளியிட்டார். பழைய சிப்புகள் செய்த வேலையைக் கணினியே நடித்துக் காட்டத் தொடங்கியது. அன்று முதல் ஆட்டத்துக்கு மேலே இயங்குதளம் என்ற ஓர் எசமானர் வந்து உட்கார்ந்துவிட்டார். (ரோம் கோப்புகளின் பதிப்புரிமை தனி ஆய்வேட்டுக்கு உரியது. இவ்வாய்வாளர் அப்பக்கம் போவதாக இல்லை.)

இத்துறையின் முன்னோர் வேகம், அழகு, ஓடும் ஆட்டங்களின் எண்ணிக்கை ஆகியவற்றை வைத்து எசமானர்களை ஒப்பிட்டனர். இவ்வாய்வு அவற்றைத் தள்ளுகிறது. இங்கே கேள்வி ஒன்றுதான்: கரண்ட் போனால் என்ன ஆகும்? அற்றேல், வீட்டில் இன்வெர்ட்டர் உள்ளதே எனின், அற்றன்று. அந்த லைனில் பாட்டியின் சீரியல் ஓடும் டிவி முன்னமே இடம்பிடித்துவிட்டது என்க.

ராஸ்ப்பெர்ரி பை என்ற சின்னக் கணினிப் பலகை விற்பனைக்கு வந்த நாள் 2012 பிப்ரவரி 29. தமிழ்நாடு மின்வெட்டில் தவித்த ஆண்டு அது. சலுகை பெற்ற சென்னைக்கே தினம் இரண்டு மணி நேரம் முறைவைத்து நிறுத்தினார்கள். அப்படிப்பட்ட ஆண்டில் பிறந்த பலகைக்கு அணைக்கும் பொத்தானே வைக்கவில்லை! 2023-இல் வந்த ஐந்தாம் தலைமுறைப் பலகையில்தான் அது முளைத்தது. வடிவமைத்தவர்கள் அம்பத்தூரை மனத்தில் கொள்ளவில்லை என்பதற்கு இதைவிட அகச்சான்று வேண்டுமா? இதில் பலரும் ஏற்றும் ரெட்ரோபை, டெபியன் வழிவந்த முழு லினக்ஸின் மேல் அமர்வது. யாரும் ஆடாத வேளையிலும் அந்த லினக்ஸ் மெமரி கார்டில் எதையாவது குறித்துக்கொண்டே இருக்கும். எழுதும் நொடியில் மின்சாரம் போனால் கோப்பமைப்பு குலையலாம். அடுத்த முறை திரையில் வருவது முஸ்தபா அல்ல, வெள்ளை எழுத்துகள்.

முஸ்தபா யார் என்று கேட்கும் இளைய ஆய்வாளர்களுக்கு: 1993-இல் கேப்காம் வெளியிட்ட ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’. நம்மூரில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது; அதில் வரும் நாயகன் முஸ்தபாவின் பெயரைச் சொன்னால்தான் தெரியும்.

விண்டோஸுக்கு வருவோம். ‘பராமரிப்புப் பணி காரணமாகக் காலை 9 முதல் 2 மணி வரை’ என்று மின்வாரியமாவது செய்தித்தாளில் முன்கூட்டிச் சொல்கிறது. விண்டோஸ் அப்டேட்டுக்கு அந்த மரியாதை கிடையாது. ஆயினும் 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாத பழைய ஆபீஸ் கணினிப் பெட்டிகளில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. உலகம் இதற்கு வருந்தியது. இவ்வாய்வாளர் மகிழ்ந்தார். இணையம் இல்லாத கேம் பெட்டிக்கு, இனி அப்டேட்டே வராத இயங்குதளம் ஒரு வரம்.

ஆனாலும் பரிசு, பழைய ஆட்டங்களுக்கென்றே ஆன லினக்ஸ் வகைகளான பட்டோசெராவுக்கும் லக்காவுக்குமே. இரண்டிலும் அமைப்புப் பகுதி படிக்க மட்டும் திறந்த சுருக்கக் கோப்பு; சேமிப்புகளுக்குத் தனிப் பகுதி. பிளக்கைப் பிடுங்கினாலும் பெரும்பாலும் மறுபடி எழுந்து வந்துவிடும். பட்டோசெரா பென்டிரைவிலிருந்தே ஓடுவதால், மேற்படி ஆபீஸ் பெட்டியின் விண்டோஸைத் தொடவும் வேண்டாம். இவ்வாய்வாளரின் தீர்ப்பு பட்டோசெரா, கூடவே மேசை டிராயரில் அதன் நகலாக இன்னொரு பென்டிரைவ்.

கள ஆய்வில் எதிர்பாராத தரவு ஒன்று கிடைத்தது. மின்தடைக்கு மின்வாரியம் மட்டும் காரணமல்ல. அண்ணன் தோற்காமல் ஆடிக்கொண்டே இருந்தால் தம்பியும் ஒரு காரணம். சுவிட்சு அவன் கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருக்கிறது. இயங்குதளம் பிழைத்தது, ஸ்கோர் பிழைக்கவில்லை. ஆட்டத்திலிருந்து முறையாக வெளியேறும்போதுதான் அது பெரும்பாலும் பதிவாகிறது. மூல பேக்-மேனிலும் சுவிட்சை அணைத்தால் உச்ச ஸ்கோர் அழிந்துவிடும், ஆகவே இது மரபுவழிப்பட்டதே என்று அண்ணனுக்கு விளக்கப்பட்டது. அவன் மரபை ஏற்கவில்லை.

கரண்ட் வந்தபின் முதல் ஆட்டம் யாருக்கு என்பதற்கு எந்த இயங்குதளத்திலும் ஏற்பாடு இல்லை. இரு தரப்பும் வாதங்களை உரத்த குரலில் சமர்ப்பித்துள்ளன. வழக்கு பாட்டியிடம் நிலுவையில் உள்ளது. சீரியல் முடிந்ததும் விசாரணை.