கயிறு பிடிக்க ஆளில்லாத ஊரிலிருந்து

லெஸ்டர்,
மே 4

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை தங்கள் தங்கை தொலைபேசியில் என்மீது வாசித்த குற்றப்பத்திரிகை தங்களை எவ்வளவு கலங்கவைத்திருக்கும் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. நாற்பத்து நாலு வயதில், வீட்டுக் கடன் இன்னும் பதினெட்டு வருஷம் பாக்கி இருக்கையில், ஒரு மனிதன் முதுகில் இரும்பு சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கல்லுடைத்த பள்ளத்துத் தண்ணீரில் தானாகவே போய் முழுகுகிறான் என்று கேள்விப்பட்டால், அவனுக்குப் பித்தம் தலைக்கேறிவிட்டதா, அல்லது புதிதாக ஆயுள் இன்ஷூரன்ஸ் ஏதேனும் எடுத்திருக்கிறானா என்று பெண் கொடுத்த குடும்பத்தார் விசாரிப்பது நியாயந்தான். என் பக்கத்து வாக்குமூலத்தையும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லும்படி பிரார்த்திக்கிறேன்.

உண்மையில் இந்த விபரீதத்துக்கு மூலகாரணம் தாங்களே. கரிசல் காட்டுக் கிணற்றில் சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டி நீச்சல் பழகிய எனக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்? கல்யாணத்தன்று பந்தியில் பாயசத்துக்கும் மோருக்கும் இடையிலான அந்த அவகாசத்தில், தங்கள் பாட்டனார் தூத்துக்குடியில் முத்துக்குளித்த கதையை ஆரம்பித்தீர்கள். கல்லில் காலை ஊன்றி மனிதர் மடமடவென்று அடியில் இறங்குவார். மேலே தோணியில் கயிற்றைப் பிடித்திருப்பவன் அவருடைய மச்சினனாகத்தான் இருப்பான். தன் உடன்பிறந்தாள் தாலி அறுக்க எவன் சம்மதிப்பான் என்று சொல்லிவிட்டு என்னை அர்த்தபுஷ்டியுடன் ஒரு பார்வை பார்த்தீர்கள். 1961-க்குப் பிறகு அங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை என்பதால் தங்களுக்குக் கயிறு பிடிக்கும் வாய்ப்பு இல்லாமற் போயிற்று. எனக்கு அந்தக் கதை மட்டும் பதினைந்து வருஷமாக மனசில் ஊறிக்கொண்டே இருந்தது.

இனிச் செலவு விஷயம். தங்கள் தங்கை சொன்னதில் பாதி அதிசயோக்தி. ஸ்கூபா என்பது செங்கடலுக்கும் மாலத்தீவுக்கும் விமானம் ஏறுகிற சீமான்களின் பொழுதுபோக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் 1953-இல் தொடங்கிய பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப்புக்கு இந்தத் தேசமெங்கும் கிளைகள் இருக்கின்றன. அவற்றில் பாடம் சொல்லிக்கொடுப்பவர்கள் சம்பளம் வாங்குவதில்லை. வியாழக்கிழமை ராத்திரி நகராட்சி நீச்சல் குளத்தில் நம் பஜனை கோஷ்டி மாதிரி கூடி, இலவசமாக நம்மைத் தண்ணீரில் அமுக்குகிறார்கள். சந்தா உண்டு, புத்தகத்துக்குப் பணம் உண்டு; சிலிண்டரும், மூச்சுக்கருவியும், காற்றடைத்த ஜாக்கெட்டும் ஆரம்பத்தில் கிளையே இரவல் கொடுக்கிறது. சொந்தமாக முதலில் வாங்கியது முகக்கண்ணாடியும் காலில் மாட்டும் துடுப்பும்தான். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு பழைய மூச்சுக்கருவியை வாங்கப் போனேன். கிளையின் மூத்தவர் ஒருவர், அதைப் பிரித்துப் பழுது பார்க்கிற கூலியில் புதிதே பாதி வாங்கிவிடலாம் என்று தடுத்து ஆட்கொண்டார்.

முகக்கண்ணாடியைச் சோதிக்கும் விதம் வேடிக்கையானது. வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்ச வேண்டும். கையை எடுத்தாலும் அது விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் நம் முகத்துக்குப் பொருத்தம். கடையில் இருந்த பதினொன்றும் என் முகத்திலிருந்து விழுந்தன. மீசைதான் காரணம். கண்ணாடியின் ரப்பர் விளிம்பு தோலைத் தொட வேண்டிய இடத்தில் மயிர்க்காடு நின்றால் தண்ணீர் அதன் வழியே ஊர்ந்து வந்துவிடுமாம். மூன்று நாள் யோசித்தேன். நான்காம் நாள் கண்ணாடி முன் நின்று, மூக்கின் அடியில் ஒரு விரற்கடை அகலத்துக்கு வரப்பு வெட்டுவதுபோல் மழித்தேன். மீதி இருப்பதை மீசை என்று சொல்வதா புருவம் என்று சொல்வதா என்பதில் வீட்டில் அபிப்பிராய பேதம் இருக்கிறது.

பாடம் சுவாரசியமாகவே இருந்தது. 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரட்டிப்பாகிறது, 20 மீட்டரில் மும்மடங்கு. ஆகையால் இறங்கும்போது காதுக்குள் காற்றைச் செலுத்திக்கொண்டே போக வேண்டும். மூக்கைப் பொத்திக்கொண்டு மெதுவாக ஊதுகிற அந்த யுக்திக்கு வல்சால்வா என்ற பழைய இத்தாலிய வைத்தியரின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். ஏறும்போது மட்டும் மூச்சை அடக்கவே கூடாது. உள்ளே இருக்கும் காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். தங்கள் பாட்டனார் மேலே அடக்கிய மூச்சுடனே இறங்கி ஏறியவர், அவருக்கு இந்தத் தொல்லை இல்லை. அடியிலே அழுத்தப்பட்ட காற்றைச் சுவாசிக்கிற எங்களுக்குத்தான். கணக்கெழுதிப் பிழைக்கிற எனக்குச் சிலிண்டரில் உள்ள காற்றின் அழுத்தத்தைக் காட்டும் முள் மிகவும் பிடித்துப்போயிற்று. 232 என்று ஆரம்பித்து இறங்கிக்கொண்டே வரும். வரவு என்ற பத்தியே இல்லாத பேரேடு. 50 பாக்கி இருக்கும்போதே கரையேறிவிட வேண்டும் என்பது விதி.

சென்ற மாதம் குளத்தை விட்டு வெளியே அழைத்துப் போனார்கள். இந்த ஊரிலிருந்து கடல் எந்தத் திசையில் போனாலும் வெகு தூரம். எனவே பக்கத்தில் இருக்கும் ஸ்டோனி கோவ்தான் எங்கள் சமுத்திரம். அது ஒரு கருங்கல் குவாரி. 1958-இல் கல்லுடைப்பதை நிறுத்திய பிறகு ஊற்றுநீர் நிறைந்து, 35 மீட்டர் வரை ஆழம் கண்டிருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் ஸ்டேன்கார்த் என்ற பழைய இழுவைப்படகை, முழுகுகிறவர்கள் பார்த்து மகிழட்டும் என்று வேண்டுமென்றே உள்ளே மூழ்கடித்திருக்கிறார்கள். ஓட்டைப் படகை அடைத்து மிதக்கவிடுவதற்கு நம் ஊரில் படுகிற பாட்டை நினைத்துக்கொண்டேன்.

தண்ணீர் 8 டிகிரி. நாற்பது பவுனுக்கு ஒரு புண்ணியவானிடம் வாங்கிய பழைய ரப்பர் உடுப்பில் என்னை நுழைக்க இரண்டு பேர் பிடித்தார்கள். தலையணை உறைக்குள் மெத்தையைத் திணிப்பதுபோல் இருந்தது. 7 மில்லிமீட்டர் தடித்த அந்த ரப்பரும், உள்ளே தங்கள் தங்கையின் பதினைந்து வருஷத்துச் சமையலும் சேர்ந்து என்னை முழுகவிடவில்லை. ஈயக் கட்டிகளை ஒவ்வொன்றாக இடுப்பில் சேர்த்துக்கொண்டே போய், 12 கிலோ ஆனதும்தான் ஏரி என்னை ஏற்றுக்கொண்டது.

6 மீட்டரில் ஒரு கல்மேடை. அதில் மண்டியிட்டிருந்தபோது, பயிற்றுவிப்பவர் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்து, சௌக்கியமா என்று கேட்டார். குளிர்கிறது, பயமாகவும் இருக்கிறது, ஆயினும் பாதகமில்லை என்று சத்தியத்தைச் சொல்ல விரும்பி, உள்ளங்கையைக் கவிழ்த்து, நாம் 'சுமார்' என்பதற்கு ஆட்டுவோமே, அப்படி ஆட்டினேன். நீரடிப் பாஷையில் அதற்கு 'ஏதோ கோளாறு' என்று அர்த்தமாம். எந்த இடத்தில் என்று அவர் ஜாடையால் கேட்டார். அதற்கும் சுமார் என்றேன். அடுத்த நிமிஷம் என் ஜாக்கெட்டைப் பற்றிக்கொண்டு மேலே ஏற்றிவிட்டார். முதல் முழுக்கு இவ்விதமாக ஏழு நிமிஷத்தில் சமாப்தியாயிற்று.

அன்று ராத்திரி வீட்டில் நடந்ததைத்தான் தாங்கள் கேட்டீர்கள். பிறகு நடந்ததைச் சொல்கிறேன். நேற்று தங்கள் தங்கை, என்ன செய்கிறார்கள் என்று நேரில் பார்த்துவிடுகிறேன் என்று பிளாஸ்க்கில் சுக்குக் காப்பியோடு கூடவே வந்தாள். கரையில் ஒருவர், இறங்குகிறவன் பெயர், இறங்கிய நேரம், சிலிண்டரில் உள்ள காற்று எல்லாவற்றையும் அட்டையில் குறித்துக்கொள்வார். திரும்பியதும் மறுபடி குறிப்பார். அரைமணி நேரத்துக்குள் அந்தப் பென்சில் எப்படியோ இவள் கைக்கு மாறிவிட்டது. பைக் என்ற ஒரு நீள மூஞ்சி மீன் அசையாமல் நின்று என்னைப் பார்த்தது, நானும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். முள்ளில் 40 இருக்கும்போது கரையேறினேன். அட்டையில் அதை எழுதி இரண்டு கோடு இழுத்துவிட்டு, எல்லார் முன்னிலையிலும் பயிற்றுவிப்பவரிடம், "இந்த மனுஷருக்குக் கணக்கெழுதத்தான் சம்பளம் கொடுக்கிறார்கள்" என்று இங்கிலீஷில் சொன்னாள். வரும் ஞாயிறும் வருகிறாளாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
மாப்பிள்ளை

பி.கு.: மீசையின் புகைப்படம் தனியே வரும். மாமா கண்ணில் பட வேண்டாம்.