ஊதா டயல் ஜனதா

வாடா பேராண்டி! மணிக்கட்டுல என்ன மினுக்குது? எச்.எம்.டி. ஜனதாவா? ஊதா டயலு, ஆரஞ்சு முள்ளு! இந்த மேனாம்பேட்டுல இருந்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்கு ஷிப்டு போனவன் பாதிப் பேர் கையில ஜனதா பாத்திருக்கேன். இப்படி ஒரு கோலத்துல பாத்ததில்லப்பா.

ஜப்பான் சிட்டிசன்காரன்கிட்ட தொழில் கத்துக்கிட்டு 1961ல பெங்களூர்ல ஆரம்பிச்ச ஆலை அது. 2016ல மூடறதுனு டில்லியிலயே முடிவாயிடுச்சு. அப்புறம் இந்தக் கோலத்துல புத்தம்புது ஜனதா எங்கடா மொளைக்கும்? பழைய டயலைச் சுரண்டி, பெயிண்ட் அடிச்சு, எழுத்து அச்சடிச்சு உன் தலையில கட்டிட்டான். கெழவனுக்கு மை பூசி மாப்பிள்ளைனு கூட்டியாந்த கதைதான். மூஞ்சியப் பாத்தியே, பின்மூடியத் தொறக்கச் சொன்னியா? உள்ள துரு இருக்கா, திருகு மரை தேஞ்சிருக்கானு பாத்தியா? ம்ஹூம்.

செல்போன் மணியோட சேரலனு வேற அழுவுற. ஒரு நாளைக்கு 86,400 செகண்டு. அதுல 20 முந்துனா, நாலாயிரத்துல ஒரு பங்குகூட பெசகு இல்ல. நீ ஆபீசுக்குப் போற லட்சணம் இவ்ளோ சுத்தமா? கரெக்ட் டைம்தான் வேணும்னா பேட்டரி வாட்சு வாங்கியிருக்கணும். அது மாசத்துக்கே பத்து இருபது செகண்டுதான் தப்பும்.

சாவி வாட்சுல பாக்க வேண்டியது வேற. தினம் 20 முந்துதா? நல்ல மிஷினு. பின்மூடியத் தொறந்து உள்ள இருக்கிற குட்டி நெம்பை ஒரு மயிரிழை நகத்துனா வழிக்கு வந்துடும். இன்னைக்கு முந்தி நாளைக்குப் பிந்துதா? அதுக்கு ஆயில் சர்வீஸ் பண்ணணும்.

காலையில ஒரே நேரத்துல சாவி குடு. கழட்டிட்டுக் குடு, கையில கட்டினபடி திருகுனா தண்டு கோணிக்கும். முட்டுனா நிறுத்து. காந்தம் வச்ச செல்போன் கவர் மேல வைக்காத. ஹேர் ஸ்பிரிங் சுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு குதிரையா ஓடும். ராத்திரி மல்லாத்தி வச்சா ஒரு ஓட்டம், நிமித்தி வச்சா ஒரு ஓட்டம். ரெண்டையும் ஒரு வாரம் எழுதிப் பாரு. பகல்ல முந்துனத ராத்திரி பிந்துற வாக்குல வச்சு நேர் பண்ணிடலாம்.

எங்க, கழட்டு. காதுல வச்சுப் பாக்கறேன்... செகண்டுக்கு அஞ்சு தட்டு. ம்... ம்... சகிக்கலடா, ரொம்ப மோசம். உனக்கு எதுக்கு இந்தத் தொல்லை? பாதி வெலைக்கு எங்கிட்ட தள்ளிட்டுப் போயேன்.